அசையும் வாய், அசையாத உடல்: சனிக்கிழமைக் காலை கார்ட்டூன்கள் பற்றிச் சில குறிப்புகள்

1

'பொம்மைப் படம்தானே, புள்ளைங்க பாக்குறது, அதுல என்ன அரசியல் வேண்டிக்கிடக்கு' என்ற கேள்வியிலிருந்தே தொடங்கலாம். சினிமா பற்றி நம்மிடம் ஓரளவுக்கு எழுத்து உண்டு. மெகா சீரியல் பற்றியும் வசைகளாகவேனும் எழுதப்பட்டிருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை முதன்முதலாகத் தன் விருப்பப்படி உட்கார்ந்து பார்க்கும் காட்சி வடிவமான கார்ட்டூன் மட்டும் விமர்சனத்துக்கு வெளியிலேயே இருந்து வருகிறது. குழந்தைகளுக்கானது என்று சொல்லிவிட்டால் அது வெள்ளந்தியானது என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் இதற்கு ஒரு காரணம்.

இந்தப் பழக்கத்தை முதலில் உடைத்தவர்கள் லத்தீன் அமெரிக்கர்கள். 1971இல் சிலியில் ஏரியல் டோர்ஃப்மனும் அர்மாண்ட் மட்டெலாவும் டொனால்ட் டக் சித்திரக் கதைகளை ஏகாதிபத்தியப் பிரதிகளாக வாசித்து ஒரு நூல் எழுதினார்கள். தாய் தகப்பனே இல்லாத, சித்தப்பாக்களும் மருமகப் பிள்ளைகளும் மட்டுமே உள்ள அந்த வாத்து உலகத்தில் யாரும் உழைப்பதில்லை, ஆனால் பணம் மட்டும் குவிகிறது என்பது அவர்களின் முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று. 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்த நூல் எரிக்கப்பட்டது. வாத்துக்கு இவ்வளவு அரசியலா என்று கேட்பவர்களுக்கு எரித்தவர்களே பதில் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் டோர்ஃப்மன் - மட்டெலா வாசிப்பு கதைக்குள் உழைப்பு மறைக்கப்படுவதைத்தான் பிரதானமாகக் காட்டியது. கார்ட்டூனை உண்டாக்கும் உழைப்பு எப்படிப் பிரிக்கப்படுகிறது, யார் கை வரைகிறது, யார் குரல் பேசுகிறது என்கிற பக்கத்திலிருந்தும் இதை வாசிக்க முடியும். அப்படி வாசித்தால் தொழில்நுட்பம், கூலி, மொழி ஆகிய மூன்றும் ஒரே முடிச்சாக இருப்பது தெரியவரும். இக்கட்டுரை அந்த முடிச்சைப் பற்றியது.

2

'சனிக்கிழமைக் காலை கார்ட்டூன்' என்பது அமெரிக்காவில் ஒரு தலைமுறையின் நினைவு. விடிந்தும் விடியாமலும் எழுந்து, பெற்றோர் தூங்கிக்கொண்டிருக்க, கிண்ணத்தில் பாலும் தானியப் பொரியுமாகத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்த காலம் பற்றி உருகி உருகி எழுதுகிறார்கள். அந்தச் சனிக்கிழமை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்பதற்கு அங்கே தொழிலாளர்கள் பல்லாண்டு போராடினார்கள். 1938இல் வந்த சட்டமும் அதன் தொடர்ச்சியும்தான் இரண்டு நாள் வார விடுமுறையைப் பரவலாக்கின. அப்படிக் கிடைத்த சனிக்கிழமையில் அப்பாவும் அம்மாவும் அசந்து தூங்க, அந்தக் காலை வேளை யாருமற்ற நேரமாகத் தொலைக்காட்சி நிறுவனங்களுக்குக் கிடைத்தது. பெரியவர்கள் பார்க்காத நேரம் என்பதால் விளம்பரக் கட்டணம் மலிவு. 60களின் நடுவிலிருந்து சி.பி.எஸ்., என்.பி.சி., ஏ.பி.சி. ஆகிய மூன்றும் அந்த நேரத்தைக் கார்ட்டூனால் நிரப்பின. பொம்மை வியாபாரிகளும் மிட்டாய்க்காரர்களும் காலை உணவுக் கம்பெனிகளும் அதற்குப் பணம் கொடுத்தார்கள். 1958இல் வந்த 'ஹக்கிள்பெரி ஹவுண்ட்' தொடருக்கே கெல்லாக்ஸ்தான் புரவலர். ஆக, உழைப்பாளிகள் போராடி வாங்கிய ஓய்வு நேரத்தில் அவர்களது பிள்ளைகளை நுகர்வோராகப் பழக்கும் வகுப்பு நடந்தது எனலாம்.

இந்த வகுப்பு அதன் உச்சத்துக்குப் போனது 80களில். 1982இல் மட்டெல் கம்பெனி 'ஹீ-மேன்' பொம்மைகளைக் கடைக்குக் கொண்டுவந்தது, 1983இல் அந்தப் பொம்மைகளை வைத்துத் தொடர் வந்தது. முன்பெல்லாம் கதை பிரபலமான பிறகு பொம்மை செய்வார்கள். இங்கே பொம்மையை விற்பதற்காகக் கதை செய்யப்பட்டது. 1984இல் ரீகன் ஆட்சியின்போது குழந்தைகள் நிகழ்ச்சிகளில் விளம்பர நேரத்துக்கு இருந்த கட்டுப்பாடுகளை அந்நாட்டு ஒலிபரப்பு ஆணையம் விலக்கிக்கொண்டது. இதற்கான எதிர்ப்பு சட்டமாக மாற 1990 வரை ஆயிற்று. சனிக்கிழமைக் காலையோ மெல்ல மெல்லத் தேய்ந்து, 2014 செப்டம்பரில் சி.டபிள்யூ. வலைப்பின்னல் தன் கார்ட்டூன் நேரத்தை நிறுத்தியதோடு முடிந்தது. இருபத்து நாலு மணி நேரமும் கார்ட்டூன் கிடைக்கும்போது சனிக்கிழமை எதற்கு?

3

இனி இவை செய்யப்பட்ட முறை. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக 22 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 31,680 சட்டகங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் 15,840 படங்கள் வரைய வேண்டும். ஒவ்வொன்றையும் பென்சிலில் வரைந்து, சுத்தப்படுத்தி, கண்ணாடி மாதிரியான 'செல்' தாளில் மையால் படியெடுத்து, பின்பக்கம் வண்ணம் பூசி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து, ஒவ்வொரு சட்டகமாகப் படம் பிடிக்க வேண்டும். டிஸ்னியின் பெரிய படங்களும், வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் எம்.ஜி.எம். ஸ்டூடியோவுக்காக 1940 முதல் செய்த 'டாம் அண்ட் ஜெர்ரி'யும் ஏறத்தாழ இப்படித்தான் உருவாயின. ஏழு நிமிடப் படத்துக்கு மாதக்கணக்கில் வேலை.

1957இல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவை இழுத்து மூடியது. ஹன்னாவும் பார்பராவும் தனிக் கம்பெனி தொடங்கித் தொலைக்காட்சிக்கு வந்தார்கள். தொலைக்காட்சி கொடுத்த பணம் பழைய பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்தப் பணத்துக்கு எவ்வளவு அசைக்கலாம் என்பதுதான் அவர்கள் முன்னிருந்த கேள்வி. இதற்குப் பதிலாக அவர்கள் கையாண்டதுதான் 'குறை அசைவு' முறை. உடலை ஒரு தாளில் வரைந்து அப்படியே நிறுத்திவிடுவது. தலையை வேறு தாளிலும் வாயை இன்னொரு தாளிலும் வரைந்து, வாயை மட்டும் மாற்றிக்கொண்டே போவது. ஏழெட்டு வாய் வடிவங்கள் போதும், எந்த வசனத்தையும் பேசவைத்துவிடலாம். யோகி கரடிக்குக் கழுத்தில் காலரும் டையும் ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? அசையாத உடலும் அசையும் தலையும் ஒட்டுகிற இடத்தை மறைக்க அது வசதி. நடப்பதை ஒருமுறை வரைந்து சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். துரத்தல் காட்சியில் அதே ஜன்னலும் அதே விளக்கும் நாலு தடவை கடந்து போகும். மலையிலிருந்து விழுவதைக் காட்ட மாட்டார்கள், 'தொம்' என்று சத்தம் மட்டும் வரும். 1969இல் தொடங்கிய 'ஸ்கூபி-டூ' வரை இதே இலக்கணம்தான்.

படம் அசையாவிட்டால் கதையை எது நகர்த்தும்? குரல்தான் நகர்த்த வேண்டும். முதலில் குரலைப் பதிவு செய்து, எழுத்தெழுத்தாகப் பிரித்து அட்டவணை போட்டு, அந்த அட்டவணைக்கு ஏற்ப வாயை வரைந்தார்கள். பழைய வார்னர் ஸ்டூடியோவின் சக் ஜோன்ஸ் இவற்றைப் 'படம் போட்ட வானொலி' என்று கேலி செய்ததுண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் கதை புரியும், காதை மூடிக்கொண்டு பார்த்தால் புரியாது என்பது அதன் பொருள். கேலி சரியானது. அதோடு, கார்ட்டூனின் அதிகாரம் உடலிலிருந்து குரலுக்கு, அதாவது மொழிக்கு, இடம் மாறிவிட்டது என்பதையும் அது சொல்லாமல் சொல்கிறது. டாமும் ஜெர்ரியும் உடலால் பேசியவர்கள். அவர்களுக்கு எந்த ஊரிலும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சனிக்கிழமைக் கார்ட்டூனுக்கோ மொழி இல்லாமல் உயிரில்லை.

4

மலிவாக்கும் வேலை இத்தோடு நிற்கவில்லை. அசைவைக் குறைத்தாயிற்று, அடுத்து கூலியைக் குறைக்க வேண்டும். 70களிலிருந்து வரையும் வேலை கடல் கடந்தது. 1978இல் தாய்பேயில் ஜேம்ஸ் வாங் தொடங்கிய 'குக்கூஸ் நெஸ்ட்' ஸ்டூடியோ ஹன்னா-பார்பராவுக்கு வேலை செய்தது. தென்கொரியாவிலும், 80களில் மணிலாவிலும் ஸ்டூடியோக்கள் வந்தன. கதை, காட்சித் திட்டம், குரல் மூன்றும் லாஸ் ஏஞ்சல்ஸிலேயே இருக்கும். இடைப்படங்கள் வரைவது, படியெடுப்பது, வண்ணம் பூசுவது ஆகியவை ஆசியாவுக்கு வரும். பெயர்ப்பட்டியலில் இயக்குநரும் குரல் நடிகரும் தனித்தனியாக வருவார்கள். வரைந்த நூற்றுக்கணக்கான கைகள் பெரும்பாலும் ஒரு கம்பெனிப் பெயராக ஓடி மறையும்.

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அவர்களுடைய சொல்லில் இது 'ஜாப் ஒர்க்'. டிசைன் ஒருத்தன் கொடுப்பான், அளவு கொடுப்பான், தேதி கொடுப்பான். பீஸுக்கு இவ்வளவு என்று நாம் செய்து அனுப்ப வேண்டும், லேபிள் மட்டும் அவனுடையது. பக்கத்து மில்லில் ஓடுகிற நூல் எந்த ஊரில் யார் சட்டையாகிறது என்று நூற்றவருக்குத் தெரியாது. ஸ்கூபி நாயின் வாலுக்கு வண்ணம் பூசிய தாய்பே பெண்ணுக்கும் இதுவே கதி.

அமெரிக்க அனிமேஷன் தொழிற்சங்கம் இதை எதிர்த்து 1979இல் வேலைநிறுத்தம் செய்து, உள்ளூரில் ஆள் இருக்கும்போது வேலையை வெளியே அனுப்பக்கூடாது என்ற பாதுகாப்பைப் பெற்றது. 1982இல் மறுபடி வேலைநிறுத்தம் செய்து அந்தப் பாதுகாப்பையும் இழந்தது. இந்த இடத்தில் 'ஹீ-மேன்' எடுத்த ஃபில்மேஷன் ஸ்டூடியோவை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தத் தொடரில் வீரன் ஓடுவதும் குத்துவதும் திரும்புவதும் வாராவாரம் அதே படங்கள். நாம் சிரித்த விஷயம் அது. ஆனால் பெரும்பாலான வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பாமல் உள்ளூர் ஓவியர்களையே வைத்துக்கொள்ள அதன் தலைவர் லூ ஷைமர் கண்ட வழியும் அதுவே: வரைந்ததையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. 1989இல் அந்த ஸ்டூடியோ மூடப்பட்டது. ஒரே பொருள் பிள்ளைகளின் சட்டைப் பையைக் குறிவைத்த வியாபாரமாகவும் ஓவியர்களின் வேலையைக் காத்த ஏற்பாடாகவும் இருந்தது என்பதை, எல்லாவற்றையும் ஒரே வீச்சில் 'கலாச்சாரச் சீரழிவு' என்று தள்ளிவிடும் நம் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

5

நம் பக்கம் வருவோம். ஆலைகளும் பட்டறைகளும் உள்ள நம்மூர்களில் சனிக்கிழமை வேலை நாள். பல பள்ளிகளில் அரை நாளாவது இருக்கும். எனவே நம்முடைய 'சனிக்கிழமைக் காலை' ஞாயிறுதான். அந்த ஞாயிறு காலையைத் தூர்தர்ஷன் முதலில் கொடுத்தது புராணத்துக்கு. 1987 ஜனவரி முதல் 'ராமாயணம்', 1988 அக்டோபர் முதல் 1990 வரை 'மகாபாரதம்'. பிறகு 1993இல் அதே ஞாயிறு காலையில் 'ஜங்கிள் புக்' வந்தது. கிப்ளிங் கதையை வைத்து ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் 1989இல் தொடங்கிய 52 பகுதித் தொடர் அது. குல்சார் பாட்டு எழுத, விஷால் பரத்வாஜ் இசையமைக்க, நானா படேகர் புலிக்குக் குரல் கொடுக்க, இந்தியில் வந்தது. இந்தியக் காடு, ஆங்கிலக் கதை, ஜப்பானியப் படம், இந்திக் குரல். அடுத்து 90களின் நடுப்பகுதியில் டிஸ்னியின் 'டக் டேல்ஸ்'. டோர்ஃப்மன் கட்டுடைத்த அதே பணக்கார வாத்து, தாராளமயம் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் நம் கூடத்தில் வந்து தங்கக் காசில் நீச்சலடித்தது. அதுவும் இந்தியில்.

இங்கே தான் நம்முடைய அனுபவம் தனித்துவமாகிறது. குரலை நம்பிச் செய்யப்பட்ட ஒரு வடிவம், குரல் புரியாத பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது. குறை அசைவுப் படத்தில் எது மிக மலிவோ அந்தப் படம் மட்டுமே தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைத்தது, எதில் கதை இருந்ததோ அது மொழிச் சுவருக்கு அப்பால் நின்றுவிட்டது. இந்தித் திணிப்பு என்றால் நாம் பாடத்திட்டத்தையும் அஞ்சலகப் படிவத்தையும் ரயில் நிலையப் பலகையையும் பார்க்கிறோம். எட்டு வயதுப் பிள்ளையின் விடுமுறைக் காலையில் அது எப்படி இயங்கியது என்பதைப் பார்த்ததில்லை. 1974இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் தயாரித்து, விஜயா முலே உருவாக்கி, பீம்சைன் வரைந்த 'ஏக் அனேக்' என்ற குறும்படம் பல ஆண்டுகள் தூர்தர்ஷனில் திரும்பத் திரும்ப வந்தது. அழகான படம், பலவாக இருப்பவை ஒன்றுசேர்வதன் பலத்தைச் சொல்லும் படம். அந்த ஒற்றுமையை ஒரே மொழி பாடுகிறது என்பதுதான் சங்கடம். சந்தை பொம்மை விற்றது, அரசு ஒருமைப்பாடு விற்றது. இரண்டும் நம் பிள்ளையிடம் வேற்று மொழியில் பேசின.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊராட்சி டிவி முன்னால் கூடியவர்களும் அடுத்த வீட்டு ஜன்னலில் தொற்றியவர்களும் வசனத்தைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். 'டேய், கரடி அவனைய போகாதங்குதுடா', 'இல்லடா, பாம்பு வருதுன்னு சொல்லுது' என்று ஆளுக்கொரு கதை. வாய் அசைகிறது, என்ன சொல்கிறது என்று தெரியாது, அந்த இடைவெளியில் மதுரைப் பேச்சு புகுந்துகொண்டது. பிரதியின் வெற்றிடத்தை வாசகன் நிரப்புவது பற்றி நாம் பெரிய பெரிய பெயர்களைச் சொல்லி எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அது தெருவில் நடந்துகொண்டிருந்தது. ஆனால் இதை எதிர்ப்பு என்று கொண்டாடிவிடவும் கூடாது. பசியில் கிடைத்ததைச் சமைத்துக்கொள்வது திறமைதான். அதற்காகப் பசியைப் புகழ முடியுமா?

6

வேறு மாதிரி நடந்திருக்க முடியுமா என்றால், பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாகினியின் மொழிமாற்றுப் பிரிவுக்குத் திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொடவத்த பொறுப்பேற்றார். 1970இல் அமெரிக்கச் சனிக்கிழமைக் காலைக்காகச் செய்யப்பட்ட டாக்டர் டூலிட்டில் தொடரை அவர் 'தொஸ்தர ஹொந்த ஹித' ஆக்கினார், நல்ல மனசு டாக்டர் என்று பொருள். ஹன்னா-பார்பராவின் 'டாப் கேட்' 'பிஸ்ஸு பூஸா', அதாவது கிறுக்குப் பூனை ஆனது. சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் சிங்களப் பேச்சின் கிண்டலும் பாட்டும் சேர்த்துப் புதிதாகவே எழுதினார்கள். 2011இல் அவர் இறந்தபோது ஒரு தலைமுறையே தன் பிள்ளைப் பருவத்தின் குரலை இழந்ததாக அஞ்சலி செலுத்தியது. மொழிமாற்றம் என்பது இரண்டாந்தர வேலை அல்ல, ஒரு பண்பாட்டு ஆக்கம் என்பதற்கு இது சாட்சி. அதே நாட்டின் தமிழ்ப் பிள்ளைகள் அதைச் சிங்களத்தில்தான் கேட்டார்கள் என்பது இதன் மறுபக்கம். கொழும்பிலும் டில்லியைப் போலவே, எந்த மொழிக்குக் குரல் கிடைக்கும் என்பதை அரசு அதிகாரமே தீர்மானித்தது.

நமக்குத் தமிழ்க் குரல் அரசிடமிருந்து வரவில்லை, சந்தையிடமிருந்து வந்தது. 1995இல் ஆங்கிலத்தில் இந்தியாவுக்கு வந்த கார்ட்டூன் நெட்வொர்க் சில ஆண்டுகளில் தமிழ் ஒலியும் சேர்த்தது. 2007 ஏப்ரலில் சன் குழுமம் சுட்டி டிவியைத் தொடங்கியது. 2006இலிருந்து அன்றைய தி.மு.க. அரசு வீடுதோறும் இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பெட்டியை அரசு கொடுத்தது, மாதாமாதம் கேபிள் காசை வீடுகள் கொடுத்தன. குடிசை வீட்டுப் பிள்ளையும் தமிழில் கார்ட்டூன் பார்த்தது. இதை வெறும் வணிகம் என்று ஒதுக்க முடியாது. குறை அசைவின் மலிவு இந்த இடத்தில் நமக்குச் சாதகமாகவும் ஆயிற்று: வாய் வெறுமனே திறந்து மூடுவதால் எந்த மொழியையும் அதில் உட்காரவைக்க முடியும். ஆங்கிலத்துக்காக வரைந்த வாய் தமிழையும் பேசும்.

ஆனால் அந்தக் குரல் என்ன பேசியது? 'டோரா' ஒரு நல்ல உதாரணம். 2000இல் அமெரிக்காவில் தொடங்கிய அத்தொடரில் டோரா லத்தீன் அமெரிக்க வழிவந்த சிறுமி. ஆங்கிலம் பேசிக்கொண்டே பார்க்கும் பிள்ளைகளுக்கு ஸ்பானியச் சொற்களைக் கற்றுத் தருகிறாள். ஆதிக்க மொழியின் நடுக்கூடத்தில் குடியேறிகளின் மொழி வந்து அமர்கிறது, அதுதான் அந்தத் தொடரின் அரசியல். சுட்டி டிவியில் அவள் தமிழ் பேசினாள், குரங்கு 'புஜ்ஜி' ஆனது, அவள் கற்றுத் தந்தது ஆங்கிலச் சொற்கள். குடியேறிகளின் மொழி இருந்த நாற்காலியில் எஜமான மொழி உட்கார்ந்துகொண்டது. வரைந்த படம் ஒன்றும் மாறவில்லை, வாயசைவும் மாறவில்லை. குரல் மாறியதில் அரசியல் தலைகீழாகிவிட்டது. பெற்றோர் இதைக் குறையாகவும் பார்க்கவில்லை, 'புள்ள இங்கிலீஷு கத்துக்கிருது' என்று சந்தோஷப்பட்டார்கள்.

இன்னொன்று, அது எந்தத் தமிழ் என்பது. சினிமாவிலிருந்து வந்த வழக்கப்படி கதாநாயகர்கள் ஊர் தெரியாத ஒரு நடுத்தர வர்க்கத் தமிழ் பேச, வட்டார வழக்குகள் சிரிப்புக்கும் அடியாளுக்கும் ஒதுக்கப்படுகின்றன. தெருவில் பிள்ளைகள் தாங்களே வசனம் போட்டபோது கரடிக்கும் பாம்புக்கும் மதுரைத் தமிழ் இருந்தது. தமிழ் டப்பிங் வந்தபோது அது போய்விட்டது. தமிழாவது கிடைத்ததே என்று திருப்தி அடைவதா, யாருடைய தமிழ் என்று கேட்பதா?

7

கடைசியாகக் கை. நம்மிடம் வரைய ஆள் இல்லாமல் இல்லை. ஜெமினி ஸ்டூடியோவில் தாணு என்ற ஓவியர் 1947இலேயே 'சினிமா கதம்பம்' என்ற அசைவுச் சித்திரம் செய்திருக்கிறார். 1989இல் ஏவி.எம்.மின் 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினிகாந்தோடு ஆடிப்பாடிய விலங்குகளை ராம் மோகன் குழு வரைந்தது. 90களின் இறுதியில் சென்னையில் பெண்டாமீடியாவும், 1999இல் திருவனந்தபுரத்தில் டூன்ஸும் வந்தன. தாய்பேக்கும் மணிலாவுக்கும் போன ஜாப் ஒர்க் நம் பக்கமும் வந்து சேர்ந்தது. இந்தியாவில் செய்து கார்ட்டூன் நெட்வொர்க்கில் முதலில் வந்த தொடர் டூன்ஸின் 'தெனாலிராமன்', ஆண்டு 2003. இருந்தும் தமிழ்ப் பிள்ளைகளின் வாழ்விலிருந்து எடுத்து, தமிழில் முதலில் எழுதி, தமிழ்க் குரலுக்கு வாய் வரைந்த தொடர்கள் என்று எண்ணத் தொடங்கினால் விரல்கள் மிஞ்சுகின்றன. கை நம்முடையதாக இருக்கும்போது குரல் வெளியே இருக்கிறது, குரல் நம்முடையதாகும்போது கை வெளியே போய்விடுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் ஏற்பாடு.

சேர்க்க முடியாதது அல்ல. 90களில் யூனிசெஃப் தயாரித்த 'மீனா' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் ராம் மோகன்தான் வரைந்தார். தொடக்கப் பகுதிகளின் வேலை ஹன்னா-பார்பராவின் அதே மணிலா ஸ்டூடியோவில் நடந்தது. ஆனால் வரைவதற்கு முன் வங்கதேசம், இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் கிராமங்களுக்குப் போய்ப் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் படங்களைக் காட்டி, இந்தச் சிறுமி எப்படி இருக்க வேண்டும், என்ன உடுத்த வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று விசாரித்தார்கள். பள்ளிக்கூடம் அனுப்பாத வீட்டில், தம்பிக்கு மட்டும் முட்டை கிடைக்கிற வீட்டில், கேள்வி கேட்கும் பெண்ணாக மீனா வந்தாள். அதே குறை அசைவு, அதே மலிவுத் தொழில்நுட்பம். யாரைக் கேட்டுச் செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இன்று சட்டகத்துக்குச் சட்டகம் செல் தாளில் வரைய வேண்டிய தேவை போய்விட்டது. ஒரு சாதாரணக் கணினியில், வாயும் கையும் மட்டும் அசைகிற பத்து நிமிடப் படத்தை நாலு பேர் சேர்ந்து செய்துவிடலாம். தெருநாடகமும் குறும்படமும் செய்த நம் குழுக்கள் இதை இன்னும் தங்கள் வடிவமாக எடுத்துக்கொள்ளவில்லை. 'குழந்தைகளுக்கானது' என்கிற அலட்சியமே இதற்கும் காரணம். பணம் பெரிய தடையாக இல்லாத இந்த வடிவத்தில் கரடிக்கு என்ன தமிழ் கொடுப்பது, யாருடைய வீட்டை வரைவது, எந்தப் பிள்ளையிடம் போய் முதலில் கேட்பது என்பவை எழுத்தாளர்களும் செயல்பாட்டாளர்களும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கக்கூடிய விஷயங்கள். நாம் பேசாவிட்டால் காலைப் பலகாரக் கம்பெனியும் பொம்மைக் கம்பெனியும் வழக்கம்போல நமக்காகவும் முடிவெடுப்பார்கள்.